இன்னும் ஒரு சட்டை

12 பெப்ரவரி 2011, சனி. வெரிபீ, மெல்பேர்ண்

காலையிலிருந்து கராஜில் இருந்தேன். கணவர் முனவ்வரின் கார் இப்போதெல்லாம் வெளியில்தான் நிற்கிறது. அது நின்ற இடத்தில் என் மேசை, பழைய நுண்ணோக்கி, ஒரு மின்விசிறி. விசிறியைப் போடவும் முடியாது, போட்டால் கண்ணாடித் தகட்டில் இருப்பது பறந்துவிடும். வேர்க்க வேர்க்க வேலை செய்தேன்.

ஜனவரியில் தம்பி ஹமீதின் மகளுடைய கலியாணத்துக்கு முசலிக்குப் போனபோது கள்ளிமோட்டையில் வலை போட்டு எடுத்த தண்ணீர் இது. மழைக்கு நிரம்பி வெயிலுக்குக் காயும் சின்னக் குளம். மன்னார்ப் பக்கம் அதை மோட்டை என்பார்கள். மருதாணிக் கையோடு நான் வலை இழுத்ததைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. மீன் குஞ்சுகூட இல்லாத தண்ணீரில் ராத்தா எதைப் பிடிக்கிறா என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லி ஹமீது களைத்துப்போனான். மீன் இல்லாததால்தான் அங்கே போனேன். மீன் இருந்தால் இவை மிஞ்சுவதில்லை.

இவை என்றால் கோபிபோட். பாடநூலில் துடுப்புக்காலி. ரவைக் குறுணை அளவு உடம்பு, உடம்புக்குச் சமமாக நீண்ட இரண்டு உணர்கொம்பு, கீழே துடுப்புப் போலக் கால்கள். குப்பியில் இருப்பதில் பெரும்பாலானவை எங்கள் பக்கத்துக் குளங்களில் எங்கும் காணும் வழக்கமான பெரிய இனம். அவற்றுக்கு நடுவே முட்டைப் பை சுமந்த சில சின்னப் பெண்கள். அளவில் பாதிதான். இன்று அவற்றுக்குப் பொருந்துகிற ஆண் அகப்பட்டது. ஒன்றே ஒன்று.

இந்தக் குடும்பத்தில் இனத்தைப் பிரித்துச் சொல்வது ஆணின் ஐந்தாம் கால். வலது காலின் நுனியில் ஒரு கொக்கி இருக்கும், பெண்ணைப் பிடிப்பதற்கு. பெரிய இனத்தில் அது அரிவாள் மாதிரி நீண்டு வளையும். இதில் குட்டையாக, தடித்து, அடியில் ஒரு முள்ளோடு இருக்கிறது. எந்தப் படத்திலும் நான் பார்த்திராத கொக்கி.

புதிய இனம் என்று நினைக்கிறேன்.

இல்லை, நினைக்கவில்லை. தெரியும்.

13 பெப்ரவரி

கிளிசரினில் வைத்துக் காலைப் பிரித்தேன். சுத்தமாக வந்தது. ஆனால் வலது உணர்கொம்பு ஊசியில் ஒட்டி ஒடிந்து எங்கேயோ போய்விட்டது. மேசை, தரை, என் சட்டைக் கை, எல்லாம் தேடினேன். மூச்சு விட்டேனா?

சரி. கால் இருக்கிறது.

6 மார்ச், ஞாயிறு

ஐந்தாம் காலை வரைந்து முடித்தேன். பென்சிலில் ஒரு முறை, மையில் இரண்டு முறை. முதல் மைப் படத்தில் முள் ஒரு மயிரிழை மேலே போய்விட்டது, கிழித்தேன்.

வேலையிடத்தில் நான் எண்ணுகிறவள். நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி எவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பேன். அளவு மீறினால் மேலிடத்தில் யாரோ யாருக்கோ சொல்வார்கள். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். பேராதனையில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் முடித்துவிட்டு இங்கே வந்து இதில் சேர்ந்ததற்காக நான் வருந்தியதில்லை. ஆனால் பெயர் உள்ளவற்றை எண்ணுவது வேறு. பெயரில்லாத ஒன்றை முன்னால் வைத்து, இதன் கால் இப்படி, முள் இப்படி என்று முதல் ஆளாக எழுதுவது வேறு. அதை ஒருமுறையாவது முழுதாகச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அது சின்ன ஆசையா பெரிய ஆசையா என்று எனக்கே பிடிபடவில்லை.

முனவ்வர் வந்து நுண்ணோக்கியில் கண் வைத்தார்.

“இதுக்குத்தானா என்ட கார் வெயில்ல காயுது?”

ஓம் என்றேன். போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார். ஆணி பிடுங்கிற சுத்தியல் மாதிரி இருக்கே என்றார். உதிரிப்பாகக் கடைக்காரர் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் சரியான உவமை. கட்டுரையில் எழுத முடியாது.

21 மே, சனி

எழுத்தும் படங்களும் இன்று டொக்டர் வாசுதேவனுக்குப் போயின. சென்னையில் கல்லூரியில் படிப்பித்து ஓய்வு பெற்று, இப்போது சிட்னியில் கெல்லிவில்லில் மகனோடு இருக்கிறார். இந்த நாட்டில் இந்தக் கோபிபோட் குடும்பத்தைப் பற்றி என்னோடு தமிழில் சண்டை பிடிக்கக்கூடிய ஒரே ஆள். எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பினாலும் அவர்கள் கடைசியில் அவரிடம்தான் கேட்பார்கள். முதலிலேயே அடி வாங்குவது மேல்.

அடி விழும் என்று நினைக்கவில்லை. மறைப்பானேன்.

4 ஜூன், சனி

வாசுதேவன் அழைத்தார். நலம் விசாரித்தார், சிட்னிக் குளிரைத் திட்டினார், படங்கள் பிரமாதம் என்றார். பிறகு:

“ஆனா லைலா, இது குட்டிதாம்மா. இன்னும் ஒரு சட்டை உரிக்கணும்.”

கோபிபோட் வளரும்போது சட்டை உரித்து உரித்துத்தான் வளரும். கடைசிச் சட்டை கழன்ற பிறகுதான் முழு ஆண். அதற்கு முந்திய பருவத்தில் கொக்கி குட்டையாக, தடித்து, அரைகுறையாக இருக்கும். அதைப் புதிய இனம் என்று எழுதிப் பெயர் வைத்துப் பிறகு வெட்கப்பட்டவர்கள் எங்கள் துறையில் உண்டு. அப்படி வைத்த இரண்டு பெயர்களைத் தானே புதைத்ததாகச் சொன்னார். மூன்றாவதாக என்னுடையதைப் புதைக்கத் தனக்கு இஷ்டமில்லையாம். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

சின்னப் பெண்களிடம் முட்டைப் பை இருக்கிறதே என்றேன். சூடான சின்னக் குட்டையில் பெரிய இனத்துப் பெண்ணும் குள்ளமாகத்தான் வளரும், ஆணைக் காட்டு என்றார்.

“வலது கொம்பைக் காட்டு. அதுல முட்டி இருந்தா முழு ஆம்பளை. நான் வாயை மூடிக்கிறேன்.”

முழு வளர்ச்சி அடைந்த ஆணின் வலது உணர்கொம்பு நடுவில் முழங்கால் போல மடங்கும். அது எனக்கும் தெரியும். அந்தக் கொம்புதான் என் கராஜில் எங்கேயோ கிடக்கிறது.

“கொம்பு ஒடிஞ்சு போச்சு, சேர்.”

“அப்போ இனமும் இல்லை.”

5 ஜூன்

அது குட்டி இல்லை.

6 ஜூன்

நேற்று எழுதியதை வாசித்தேன். பிடிவாதமா, நிச்சயமா? இரண்டும் உள்ளே ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. பிடிவாதம் காரணம் கேட்டால் கோபப்படும். என்னிடம் காரணம் இருக்கிறது: கொக்கியின் அடி முள். அரைகுறைக் கொக்கியில் அப்படிக் கூர்மையாக, அடியில் மூட்டு வைத்த முள் வராது. பாதி கட்டிய வீட்டில் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்குமா?

எனக்கு வேண்டியது இன்னொரு ஆண். கள்ளிமோட்டை இப்போது காய்ந்து கிடக்கும். கார்த்திகை மழை வரட்டும், ஹமீதை வலை போடச் சொல்லலாம். காத்திருப்பேன்.

19 ஜூன், ஞாயிறு

காத்திருக்க முடியாது.

ஹமீது சந்தோஷமாகச் சொன்னான். கள்ளிமோட்டையை ஆழமாக்கப் போகிறார்களாம். திட்டத்தில் காசு வந்துவிட்டது, அடுத்த மாதம் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் இறங்கும், மழைக்குப் பிறகு திலாப்பியாக் குஞ்சு விடுவார்கள். போருக்குப் பிறகு திரும்பிப் போய்க் குடியேறியவர்களுக்கு இரண்டு போகத்துக்குத் தண்ணீர். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அவன்தான் செயலாளர். இதற்காக அலைந்தவனும் அவன்தான்.

 ராத்தா, என்ன சத்தத்தைக் காணேல்ல என்றான்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? மெல்பேர்ணில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டிலிருந்துகொண்டா? சொல்லவும் விருப்பமில்லை. தண்ணீர் வேண்டும். ஆனால் பெக்கோ அள்ளப் போவது மேல் சேறு. அதற்குள்தான் முட்டைகள் இருக்கின்றன. குளம் காய்ந்தாலும் இவற்றின் முட்டை சேற்றுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும், நனைந்தால் பொரிக்கும்.

“பெக்கோ வாறதுக்கு முந்தி மேல் சேறு ஒரு சாக்கு அள்ளி வைக்கேலுமா, தம்பி?”

“சேறா?”

“காஞ்ச சேறு. அரிசிச் சாக்கு ஒண்டு போதும்.”

 போனை மச்சானிட்ட ஒருக்காக் குடுங்கோ என்றான். எனக்குச் சுகமா என்று முனவ்வரிடம் கேட்டிருக்கிறான்.

2 ஜூலை

சேறு சாக்கில் ஏறிவிட்டது. ஹமீதின் வீட்டுச் சமையல் குசினிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.

ஆஃபியா கேட்டாள், “மம், வை டோன்ற் தே ஜஸ்ற் போஸ்ற் இற்?” தபாலில் போட்டால் இந்த நாட்டுக்குள் ஒரு கரண்டி மண் வர விடமாட்டார்கள் மகள் என்றேன். போன முறை என் சப்பாத்தில் ஒட்டிய சேற்றையே விமான நிலையத்தில் கழுவித்தான் தந்தார்கள். மதுசாரத்தில் போட்ட குப்பி வரலாம், அதற்கு இங்குள்ள அருங்காட்சியகத்தின் மூலம் அனுமதி இருக்கிறது. உயிரோடு மண்? கதையில்லை.

அப்படியென்றால் அங்கேயே பொரிக்க வேண்டும், அங்கேயே வளர்க்க வேண்டும். யார்?

17 ஜூலை, ஞாயிறு

லுப்னா. ஹமீதின் மனைவி. நான் கேட்க முன்னமே பேசன் எடுத்து வைத்துவிட்டாள். ஆட்டுக்குட்டிக்குப் பால் பருக்குகிறவளுக்கு இது என்ன பெரிய வேலை என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன்: பேசனின் அடியில் சேறு, மேலே கிணற்றுத் தண்ணீர், நிழல். வைக்கோல் ஊறிய தண்ணீர் கொஞ்சம், பாசி பிடிக்க. சவர்க்காரக் கை படக் கூடாது. எப்போது வளர்ந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் எடுத்துப் பார், புள்ளி புள்ளியாகத் துள்ளும்.

“துள்ளினா?”

“துள்ளினாச் சொல்லு.”

7 ஓகஸ்ட், ஞாயிறு

எல்லாம் போச்சு.

டெங்கு நுளம்புப் பரிசோதனைக்கு வந்த சுகாதார உத்தியோகத்தர் பேசனைக் கண்டிருக்கிறார். வீட்டு நிழலில் தேங்கிய தண்ணி, அதுக்குள்ள துள்ளிறதுகள். கேட்கவும் வேணுமா? அப்பிடியே முற்றத்தில கவிட்டு ஊத்திப் போட்டார். லுப்னா ஓடி வந்து இது நுளம்பு இல்லை சேர், மதினியின்ட ஆராய்ச்சி எண்டு சொல்லியிருக்கிறாள். எந்த மதினி எண்டு கேட்டாராம். ஒஸ்ரேலியாவில இருக்கிறா எண்டவுடன வழக்குப் போடுவன் எண்டிருக்கிறார்.

அவரில் என்ன பிழை? அந்தப் பக்கம் டெங்குவில் பிள்ளைகள் சாகுதுகள். அவர் தன்ட வேலையைச் செய்தார்.

லுப்னா அழுதாள். நோன்போடு அழாதே என்றேன். போனை வைத்துவிட்டு நான் அழுதேன், நானும் நோன்புதான்.

எனக்கு விசர்க் கோபம் வருது. ஏன் நான் மூடச் சொல்லேல்ல? பாசியின் அளவு சொன்னேன், சவர்க்காரம் சொன்னேன், நிழல் சொன்னேன். வெளியில் வைத்த தண்ணீரை மூட வேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து எனக்கு வீட்டு முற்றம் தெரியாமல் போயிற்று.

8 ஓகஸ்ட்

பாதிச் சாக்கு மிச்சம் இருக்கிறது. லுப்னா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. எல்லாச் சேற்றையும் ஒரே பேசனில் போடவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

“மாவை முழுசாக் கரைப்பமா மதினி? புளிச்சாப் பிறகு?”

இந்த முறை பேசனை நுளம்பு வலையால் மூடி, சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. ஹமீது சுகாதார உத்தியோகத்தரை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டி, வலை இருந்தால் சரி என்று வாயால் சொல்ல வைத்திருக்கிறான். செயலாளர் வேலை உதவியது.

அதே நாளில் கள்ளிமோட்டையில் பெக்கோ இறங்கியது. அதையும் அவன்தான் சொன்னான், சிறிது தயங்கி.

31 ஓகஸ்ட், பெருநாள்

காலையில் நோபல் பார்க்கில் முனவ்வரின் அக்கா வீடு. புரியாணி, பிள்ளைகள், சத்தம். என் மனம் பேசனில்.

பின்னேரம் லுப்னா அழைத்தாள். பெருநாள் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் ஹமீது இருந்திருக்க வேண்டும்.

“மதினி, உங்கட சின்னதுகள் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கொண்டு ஓடுதுகள்.”

“வடிவாப் பாத்தியா?”

“சின்ன மகளின்ட பூதக்கண்ணாடியால பாத்தன். அந்த வாத்தியாரிட்டக் கேளுங்கோ, குட்டியள் எண்டா இந்த வேலை பாக்குமா எண்டு.”

அடக்க முடியாமல் சிரித்தேன். அக்கா வீட்டில் எல்லாரும் என்னவென்று கேட்டார்கள். பெருநாள் அதுவுமாக எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும் மதுசாரத்தில் எடுக்கச் சொன்னேன்.  வளத்ததைக் கொல்லவா என்றாள். ஓம் என்றேன். ஆட்டையும் வளர்த்துத்தானே என்று தானே சொல்லிக்கொண்டாள்.

24 செப்டெம்பர், சனி

குப்பி கையில். அருங்காட்சியகத்தில் பதிந்து, எனக்கு ஆராயத் தந்தார்கள்.

கிண்ணத்தில் ஊற்றிய உடனே தெரிந்தது. அவசரப்படவில்லை. பெரியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினேன். சின்னவற்றில் ஏழெட்டு ஆண்கள். எல்லாரிடமும் வலது உணர்கொம்பு. எல்லாக் கொம்பிலும் முட்டி. எல்லாக் கொக்கியிலும் அந்த முள்.

அதற்கு மேலும் ஒன்று. ஓர் ஆணின் உடம்புக்குள், தோல் ஊடாகவே தெரிகிறது, சின்னப் போத்தல் மாதிரி ஒரு பொதி. விந்துப் பொதி. பெண்ணின் மேல் ஒட்டி விடுவதற்காக முழு ஆண் மட்டுமே செய்து வைப்பது. குட்டிக்கு அது வராது.

ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டேன். 

25 செப்டெம்பர்

இன்று இன்னொன்றும் செய்தேன். ஜனவரித் தண்ணீரிலிருந்து நானே ஒதுக்கி வைத்த சின்னப் பெண்களை மறுபடி பார்த்தேன். அவற்றில் ஒன்று சின்னப் பெண்ணே இல்லை. பெரிய இனத்தின் குட்டி. முட்டைப் பை அதற்கு இல்லை, நான்தான் கூட்டத்தோடு சேர்த்துவிட்டேன். வாசுதேவன் அதைக் கண்டிருந்தால் முழுவதையும் நம்பாமல் விட்டிருப்பார், அவர் சொல்வது சரியாகவும் இருந்திருக்கும்.

எடுத்து வேறு குப்பியில் போட்டேன். படங்களை அவருக்கு அனுப்பினேன். இந்தப் பிழையையும் சேர்த்தே எழுதினேன்.

1 ஒக்டோபர்

வாசுதேவன்: “வாயை மூடிக்கிட்டேன்.”

பிறகு மூடவேயில்லை. எப்படிப் பொரித்தது, என்ன தீனி, வைக்கோல் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வளர்த்த அந்தப் பெண் எந்த நிறுவனம் என்றார். முசலியில் குசினி வாசலில் என்றேன். ஓகோ என்றார்.

15 ஜனவரி 2012, ஞாயிறு

கள்ளிமோட்டை நிரம்பியிருக்கிறது. வயலில் ஆட்கள். ஹமீது கேட்காமலே வலை போட்டு அனுப்பிய குப்பி இன்று கிடைத்தது. திலாப்பியாக் குஞ்சு, பாசி, பெரிய இனம் ஓரிரண்டு. சின்னது இல்லை.

மறுபடி பார்த்தேன். இல்லை.

பெயர் வைக்கப் போகிறேன், பெயருக்குரியது அங்கே இல்லை. ஹமீதிடம் என்ன சொல்வது? நல்ல தண்ணீர் தம்பி என்றேன். அது உண்மை. என்னிடமிருந்து அவன் வேறேதோ எதிர்பார்த்த மாதிரி இருந்தது. சாக்கில் இன்னும் கொஞ்சம் சேறு இருக்கு ராத்தா, எறிய விடேல்ல என்றான்.

18 பெப்ரவரி

பெயர் விவகாரம். ஹமீதுக்கு ஊர்ப் பெயர் வேண்டும். முனவ்வர், கராஜ் வாடகைக்காகத் தன் பெயரை வைக்கலாம் என்கிறார். இனத்துக்குத் தன் பெயரையே வைப்பது எங்கள் துறையில் வெட்கக்கேடு. அதனால் என்னுடையது என்ற பேச்சே இல்லை.

லுப்னாவின் பெயரை வைத்தேன். அவளிடம் சொன்னேன்.

“பூச்சிக்கா என்ட பேர்?”

“பூச்சி இல்லை. கோபிபோட்.”

“நுளம்பு எண்டு ஊத்தினாரே, அவரிட்டச் சொல்லுவன். சட்டப்படி என்ட பேர் எண்டு.”

13 ஒக்டோபர், சனி

அச்சில் வந்துவிட்டது. ஐந்தாம் கால் பக்கத்தின் பாதி அளவில். முள் சரியான இடத்தில்.

நேற்று வேலையிடத்தில் கேக் வெட்டினார்கள். திங்கட்கிழமை மறுபடி பாசி எண்ணுவேன். இரண்டும் எனக்கு ஒத்துப்போகிறது.

3 நவம்பர், சனி

கெல்லிவில்லிலிருந்து ஒரு சின்னப் பெட்டி. பஞ்சுக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி, மூடியில் பழைய மெழுகு. உள்ளே பென்சிலில் எழுதிய துண்டு, வாசுதேவனின் இளமைக் கையெழுத்து: ராமநாதபுரம், ஊருணி, 1979. குட்டிகள்.

தொலைபேசியில் முந்தாநாள் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் வலையில் வந்ததையெல்லாம் முதலில் அளவு பார்த்துத்தான் பிரிப்பாராம். பெரிசு இங்கே, குட்டி அங்கே. குட்டிகளின் காலை யார் பார்த்தார்கள் என்றார். பிறகு, நீயே பாரு, எனக்குக் கண் போதாது என்றார். கண் போதாது என்பது பொய். போன மாதம்கூட என் படத்தில் ஒரு ரோமம் குறைகிறது என்று கண்டுபிடித்தவர்.

ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் எடுத்தேன். பழசு, பழுப்பேறி, தொட்டால் உடைகிறது. முதலில் வந்தவை எல்லாம் அசல் குட்டிகள். அவர் பிரித்தது தவறில்லை. பிறகு ஒன்று வந்தது. கொம்பு இரண்டும் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தன. கொக்கி குட்டை, தடிப்பு. அடியில் முள். உடம்புக்குள், அத்தனை வருடமும் வெளியே விடாமல் வைத்திருந்த சின்னப் போத்தல்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறது. அந்த ஊருணி இப்போது எப்படியோ. மழை அங்கேயும் இந்த மாதம்தான்.

கராஜ் கதவைத் தட்டி முனவ்வர் கேட்டார், கட்டுரைதான் வந்துவிட்டதே, இனிக் காரை உள்ளே விடலாமா என்று.

கொஞ்சம் பொறுங்கோ என்றேன்.